பிறிதின்கிழமை

ஆறாம் வேற்றுமைக்குப் பொருள் கிழமை என்று
தரம் பத்துக்குக் கரும்பலகையில் எழுதிப்போடுவேன்.
கிழமை என்றால் ஞாயிறு திங்கள் இல்லைப் பிள்ளைகள்,
உரிமை.
என் கை: தற்கிழமை. பிரிக்க முடியாதது.
என் வீடு: பிறிதின்கிழமை. பிரிந்து போகக்கூடியது.
முதல் உதாரணத்துக்கு முன்னால்
வகுப்பை ஒருதரம் பார்த்துக்கொள்வேன்.
இப்போது படிப்பவர்கள் எல்லோருக்கும் இரண்டு கையும் உண்டு.
பழக்கம் போகவில்லை.

எனக்கும் ஒரு கிழமை இருந்தது.
வருடத்தில் முப்பத்திரண்டாவது.
நுவரெலியாவில் மலைச்சரிவில் யன்னல் பெரிதான ஓர் அறை,
இருபத்தைந்து வருடத்துக்கு.
மீள்குடியேறி மூன்றாம் வருடம்
கரடிப்போக்கில் ஒரு மண்டபத்துக்கு அழைத்து
குளிர்பானம் தந்து, மடிக்கணினியில் மூடுபனி காட்டி
விற்றார்கள்.
வீட்டுக்குப் பூச்சுப் பூச வைத்திருந்த காசு.
சுவர் இன்னும் கல் தெரிய நிற்கிறது.

முப்பத்திரண்டாம் கிழமையில்தான்
வட்டக்கச்சியில் சிறுபோக வெட்டு வரும்,
இல்லாவிட்டால் விடைத்தாள் திருத்தல்,
இல்லாவிட்டால் அகீபனுக்குக் காய்ச்சல்.
ஒரே ஒருமுறை போனோம். கம்பளிச் சட்டை இரவல்.
யன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தாங்கி.
பராமரிப்புக் கட்டணம் மட்டும்
ஒவ்வொரு தையிலும் தவறாமல் வந்தது.

ஆகவே போன மாசியில் ஒருவன் கோல் எடுத்து
'வணக்கம் ரீச்சர், உங்கட கிழமைக்கு ஆள் இருக்கு' என்றபோது
எழும்பி நின்று கதைத்தேன்.
பிரதாபனாம். ஒப்பந்த இலக்கம் சொன்னான்,
அறை இலக்கம் சொன்னான்.
நோர்வேயில் ஒரு குடும்பம், பதினாலு லட்சம்.
முதலில் முத்திரைவரி முப்பத்தெட்டாயிரம்.
பிறகு நாணய அனுமதி, அறுபத்திரண்டு.
பிறகு காப்பு வைப்பு, தொண்ணூறு;
'அது திருப்பித் தரப்படும், ரீச்சர்.'
சங்கிலி வங்கிக்குப் போனது.

படித்த நீங்கள் எப்படி என்று கேட்கிறார்கள்.
படிவம் நிரப்பிப் பழகிய ஊர் இது.
மூன்று பிரதி, கிராம அலுவலர் கையொப்பம்,
படம் இரண்டு,
ஒன்று காணாமற்போனவருடையது.
உங்கட கோப்பு நகருது அம்மா என்று
எங்கிருந்தோ ஒரு குரல் சொன்னால்
நகருதாக்கும் என்றுதான் பேருந்து ஏறியிருக்கிறோம்.
அவன் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

அந்தக் குடும்பத்துக்கு இரண்டு பெண்பிள்ளைகள் என்றான்.
கட்டில் ஒன்று குறையுமே என்று கவலைப்பட்டேன்.
சின்னவளுக்கு முன்பல் விழுந்திருந்தது என்பது
நானாய்ச் சேர்த்தது.
இல்லாதவர்கள் என்று தெரிந்த பிறகும்
காசைவிட அவளைத்தான், எப்படிச் சொல்வது,
சரி, அது போகட்டும்.

கிளிநொச்சிப் பொலிஸில் முறைப்பாடு எழுதினேன்.
பணம் கோரப்பட்டது. பணம் அனுப்பப்பட்டது.
தொடர்பு துண்டிக்கப்பட்டது.
கொன்ஸ்டபிள் மீசை முளைக்காத பொடியன்,
இரண்டுதரம் வாசித்துவிட்டுக் கேட்டான்:
'ஆரால, ரீச்சர்?'
செயப்பாட்டுவினை கருத்தாவை ஒளிக்கும் என்று
எத்தனை வருடம் படிப்பித்தேன்.
மூன்றாம் வேற்றுமை இல்லாத முறைப்பாடு
மேசையின் இடது பக்கக் குவியலுக்குப் போனது.

நேற்றுப் பின்னேரம் இன்னொரு கோல். பெண்குரல்.
ஏமாந்த ஆட்களுக்கு உதவுகிற நிறுவனமாம்.
என் பெயர் தெரிந்திருந்தது, தொகை தெரிந்திருந்தது,
சங்கிலிகூட.
'நீங்கள் இழந்த காசு முழுக்க மீட்கப்படும்.'
யாரால் என்று கேட்டேன்.
'எங்களால், அம்மா.'
உருபு சரியாக வந்து விழுந்தது.
பதிவுக் கட்டணம் எண்ணாயிரம் மட்டும்.

எனக்குத் தெரியும். முதல் வார்த்தையிலேயே தெரியும்.
தெரிந்துகொண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.
விடைத்தாள் கட்டின் மேலட்டையில்
சிவப்புப் பேனையால்
கணக்கிலக்கத்தின் கடைசி நான்கு எண்களை
எழுதிக்கொண்டிருந்தது
என் கை.